மரியாதைக்குக் கூப்பிட்ட குளிர்

2024ஆம் ஆண்டு டிசம்பர் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ஓசூரின் குளிர் ஓசூரை விட்டுக் கிளம்பியது. சேலம், மதுரை வழியாகப் பேருந்தில் போய் அன்று மாலை மயங்கும் நேரத்தில் தொண்டிக் கடற்கரையில் இறங்கி, பதினோரு நாள் அங்கே தங்கியது. அது போன காலையில் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் பீன்ஸ் கிலோ அறுபது ரூபாய்க்கும், கொத்தமல்லி கட்டு பத்து ரூபாய்க்கும் விற்றன. அதைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் நசருல்லாவும் அவர் மனைவி முனவர் பேகமும். வேண்டுமென்று கூட்டிப் போகவில்லை. உண்மையில் அந்தக் குளிரிடமிருந்து தப்பிக்கத்தான் அவர்கள் கடலுக்குக் கிளம்பியதே.

நசருல்லா ஒரு கியர் கம்பெனியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஃபர்னஸ் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல்சக்கரங்களைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுக்கும் இடம் அது. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான். அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு போதும் என்பதற்கும், மகள் நபீலாவின் கல்யாணத்துக்குச் சம்மதம் என்பதற்கும் அவர் ஒரே மாதிரிதான் கையைக் காட்டினார். முனவர் பேகம் இதற்கு நேர் எதிர். அவர் பிறந்து வளர்ந்த கிருஷ்ணகிரி வீட்டில், யாரையும் கூப்பிடாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் ஜன்னல் வழியே போகிறவரைச் சாப்பிடக் கூப்பிடுவார். கடைக்குப் போனால் வாசலில் நிற்கிறவர்களைக் கடைக்குக் கூப்பிடுவார். கூப்பிடுவது மரியாதை என்றால், "இல்லீங்க, இப்பத்தான் ஆச்சு" என்று மறுப்பதும் மரியாதை. இது தெரிந்தவர்கள் நடுவில் வாழ்கிறவரை இதில் ஒரு சிக்கலும் இல்லை. மின்கணக்கு எடுக்க வந்த புதுப்பையன் ஒருவன் மட்டும் ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தே விட்டான். அவனுக்கு இரண்டு முட்டை ஆம்லெட் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

ஆண்டுக்கு ஆண்டு முனவர் பேகத்தின் மூச்சு மோசமாகிக்கொண்டு வந்தது. ஐப்பசியில் இளைப்பு தொடங்கும், மார்கழியில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். முந்திய குளிர்காலத்தில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைக்கும்படி ஆகிவிட்டது. டாக்டர் நசருல்லாவைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு ஓசூர்க் குளிரை இந்த நெஞ்சு தாங்காது, மார்கழி தை இரண்டு மாதமும் எங்காவது வெதுவெதுப்பான ஊரில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கல்யாணமான புதிதில் மனைவிக்குக் கடல் காட்டுவதாகச் சொன்னவர் நசருல்லா. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே முப்பத்தேழு வருஷம் ஓடிவிட்டது. அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று, அந்த 'அடுத்த வருஷங்களை' எல்லாம் நினைத்து அவர் அழுதார். பிறகு பூபதிக்குப் போன் போட்டார். பூபதி அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான தொண்டிக்குப் போய்விட்டவர். எங்கள் ஊரில் மார்கழியிலும் மொட்டை மாடியில் போர்வை இல்லாமல் படுப்போம் என்று கேன்டீனில் இருபத்தைந்து வருஷம் பெருமை அடித்தவரும்கூட. மாடியறை சும்மாதான் கிடக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்.

கிளம்பிய அன்று மூக்கண்டப்பள்ளித் தெருவில் எதிர்வீடு தெரியாத பனி. முனவர் பேகம் வாசலில் நின்று வழக்கம்போல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சரோஜம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, "நீங்களும் கெளம்புங்களேன்க்கா, ஒண்ணா போவலாம்" என்றார். "நான் எங்க வர்றது, மாடு கன்னு யாரு பாக்கறது? நீ போய்ட்டு வா பேகம்" என்று சரோஜம்மாள் முறைப்படி மறுத்தார். மாடி வீட்டில் குடியிருக்கும் பிரியதர்ஷினி, கம்பெனியில் லீவு தரமாட்டார்கள் என்று மறுத்தாள். பால்காரர் திம்மராயன் பாதி கன்னடத்தில் மறுத்தார். கடைசியில் முனவர் பேகம் தெருவின் கோடிவரைக்கும் பொதுவாகப் பார்த்து, கையை அகல விரித்து, "எல்லாரும் வாங்களேன், கடலைப் பாத்துட்டு வரலாம்" என்றார். அந்த நேரம் அந்தப் பக்கம் ஆள் ஒருவரும் இல்லை. பனிதான் இருந்தது.

பேருந்தில் குளிரும் ஏறிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. தொப்பூர்க் கணவாய் தாண்டினால் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றுவது வழக்கம். அன்று நாமக்கல் தாண்டியும் ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதுரையில் வண்டி மாறக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில், நசருல்லா நின்ற இடத்துக்குப் பக்கத்தில் மல்லிகைப் பூ விற்ற அம்மாள், காலையில் பறித்த பூ இன்னும் மொட்டாகவே இருப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டார். தொண்டியில் இறங்கியதும் முனவர் பேகம் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தார். இருட்டுவதற்குள் ஒரு கால் மணி நேரம்தான் பார்க்க முடிந்தது. அதற்குள் கடல்மேல் பனி இறங்கிவிட்டது.

மறுநாள் காலை தொண்டியில் பாட்டிலில் இருந்த தேங்காய் எண்ணெய் உறைந்து போயிருந்தது. ஊரில் பாதிப்பேர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. எண்ணெயில் கலப்படம் என்று சண்டை போடக் கடைக்குப் போனவர்கள், கடைக்காரரின் எண்ணெயும் உறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். படகுக்காரர்கள் எதிரே வருகிற படகு தெரியாமல் தகரத்தைத் தட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். நான்காம் நாள் ஒரு வியாபாரி மதுரையிலிருந்து குரங்குக் குல்லா மூட்டை கொண்டுவந்து இறக்கினார், மாலைக்குள் தீர்ந்துவிட்டது. எல்லோரையும்விட மனம் உடைந்தவர் பூபதிதான். இருபத்தைந்து வருஷப் பெருமையைக் கடல் இப்படிப் பொய்யாக்கிவிட்டதே என்று இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியேறி வந்தார். "பாய், நெசத்தச் சொல்லுங்க. அங்கிட்டிருந்து பையில என்னத்தக் கொண்டாந்தீக?" என்று கேட்டார். நசருல்லா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

இதே நாட்களில் ஓசூரில் சித்திரை வெயில் அடித்தது. மூக்கண்டப்பள்ளி வீடுகளில் மார்கழியில் மின்விசிறி சுற்றியது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஜெர்கின் இல்லாமல் அரைக்கைச் சட்டையோடு போனார்கள். முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் குஷிதான். பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் பிப்ரவரிக் காதலர் தினத்துக்கென்று கவாத்து செய்து வைத்திருந்த ரோஜாச் செடிகள் கண்டபடி துளிர்த்தபோதுதான் முணுமுணுப்பு தொடங்கியது. வேப்பனப்பள்ளியில் விஷயம் இன்னும் மோசம். சரோஜம்மாளின் தம்பி முனிசாமிக்கு அங்கே நூற்று நாற்பது மாமரம், பெங்களூராவும் செந்தூராவும். மாமரம் பூப்பதற்குக் குளிர் வேண்டும். குளிர் தட்டினால்தான் நுனியில் பூங்கொத்து கிளம்பும், வெயில் அடித்தால் இலையாகத் தள்ளிவிடும். முனிசாமி அக்காவுக்குப் போன் போட்டு, "தளிரு வுடுதுக்கா. மொத்தத் தோப்பும் தளிரு வுடுது. இன்னும் பத்து நாளு இப்டியே போனா இந்த வருசம் ஒரு காயிகூட இல்ல" என்று சொன்னார்.

சரோஜம்மாள் யோசிக்கத் தெரிந்தவர். குளிர் எங்கே போயிருக்கும் என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் முனவர் பேகத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் இருமல்தான் முதலில் கேட்டது.

"அங்க குளிருதா பேகம்?"

"ஆமாங்க்கா. நம்மூரு மாதிரியே குளிருது. என்னா ராசியோ."

"அன்னிக்கு வாசல்ல நின்னு யார் யாரைக் கூப்ட்ட?"

முனவர் பேகம் ஒவ்வொருவராகச் சொன்னார். சரோஜம்மாள் விரல் மடக்கினார். தான் மறுத்தது, பிரியதர்ஷினி மறுத்தது, திம்மராயன் மறுத்தது எல்லாம் சரியாக வந்தது. "கடைசியா எல்லாரும் வாங்கன்னியே, அதுக்கு யாரு வல்லன்னு சொன்னாங்க?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. பிறகு சரோஜம்மாள் சொன்னார், "அய்யோ தேவுடா. அது கெளம்பி வந்துடுச்சு பேகம்."

முனவர் பேகத்துக்கு முதலில் வந்தது பயமல்ல, இரக்கம். ஓசூரில் குளிரைத் திட்டாதவர் யார்? பாழாய்ப்போன குளிர், சனியன் பிடித்த குளிர் என்றுதான் காலம் காலமாக அது பேர் வாங்கியிருக்கிறது. வா என்று ஒருவர் அதை அழைத்தது அதுவே முதல் தடவை. "மறுக்கணும்ன்ற மொறை அதுக்கு என்னா தெரியும், பாவம்" என்றார் கணவரிடம். நசருல்லாவுக்கு இரக்கமெல்லாம் இல்லை. கடற்கரையில் நின்று பனியைப் பார்த்து, போ போ என்று கையை வீசினார். பனி இன்னும் கொஞ்சம் தாழ்ந்து அவர் காலடியில் படிந்தது. ஒருநாள் இருவரும் யாரிடமும் சொல்லாமல் ராமேஸ்வரத்துக்குப் பேருந்து ஏறினார்கள். பாம்பன் பாலத்தில் பயணிகள் எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள். விருந்தாளியை விட்டுவிட்டுப் போனதற்காக முனவர் பேகம் வழியெல்லாம் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தார், அதுவோ பக்கத்து இருக்கையில்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை தொழுதுவிட்டு எழ முடியாமல் முனவர் பேகம் முழங்காலிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு உள்ளே போகும் சத்தம் கீழ்வீட்டில் பூபதிக்கே கேட்டது. அரசு ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்தை மூச்சில் ஏற்றினார்கள். நசருல்லா கட்டில் ஓரத்தில் நின்றபடி மனைவியின் தோள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தும் அதே மாஸ்க், அதே சத்தம். இந்தக் குளிர் இங்கேயே இருந்தால் இவள் தங்கமாட்டாள், இவளைத் திருப்பி ஊருக்குக் கூட்டிப் போனால் கூடவே அதுவும் வரும், அங்கேயும் தங்கமாட்டாள். முப்பத்து மூன்று வருஷம் ஃபர்னஸில் எரிந்த மனிதன் தன் பெண்டாட்டிக்கு ஒரு பிடி சூடு கொடுக்க முடியவில்லையே என்று நினைத்தார். அப்போதுதான் அவர் பல நாட்களுக்குப் பிறகு வாய் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"நான் அத்தக் கொண்டுபோய் ஊர்ல வுட்டுட்டு வரன்."

அதில் ஒரு நியாயம் இருந்தது. கூட்டிவந்த விருந்தாளியைப் போ என்று சொல்லக்கூடாதுதான், ஆனால் கொண்டுபோய் விடலாம். எந்த ஊரிலும் அது குற்றமில்லை. முனவர் பேகம் மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தி, "நானு சொல்லி அனுப்பணும். நானுதானே கூப்ட்டேன்" என்றார்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி காலை, தொண்டிப் பேருந்து நிலையத்தில் பூபதியும் அவர் மனைவியும் இருபக்கமும் தாங்கிப் பிடிக்க, முனவர் பேகம் குளிரை வழியனுப்பினார். பேருந்து தெரியாத அளவுக்குப் பனி அவரைச் சுற்றி நின்றது. ஊரைப் பார்க்க வந்ததற்குச் சந்தோஷம் என்றார். சரியாகக் கவனிக்க முடியவில்லை, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். உங்களுக்காக அங்கே மாமரமெல்லாம் காத்திருக்கிறது, இவர் பத்திரமாகக் கொண்டுபோய் விடுவார் என்றார். இதுவரை சரிதான். ஆனால் வழியனுப்புகிறவர்கள் கடைசியாகச் சொல்லும் ஒரு சொல் உண்டு. அறுபது வருஷமாக ஒவ்வொரு விருந்தாளிக்கும் தவறாமல் சொன்ன சொல், பிறந்த வீட்டில் அம்மாவின் அடி வாங்கிப் பழகிய சொல். "மறுபடியும்" என்று அது வாயிலிருந்து கிளம்பியே விட்டது. நசருல்லாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முனவர் பேகம் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். மிச்சத்தை அவர் விழுங்கிய பிறகும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு விருந்தாளியை மறுபடி வாங்க என்று சொல்லாமல் அனுப்பியது அவருக்கு அவ்வளவு வலித்தது. நசருல்லா பேருந்துப் படியில் நின்று, ஃபர்னஸ் இரைச்சலில் ஆட்களைக் கூப்பிடுகிற அதே மாதிரி, இரண்டு விரலால் வா என்று சாடை காட்டினார். குளிர் ஏறிக்கொண்டது. வண்டி திரும்புவதற்குள் தொண்டியில் வெயில் விழுந்தது. பூபதி போர்வையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "இப்பப் பாருங்க எங்க ஊர" என்றார்.

வழியில் நசருல்லாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பத்து நிமிஷத்தில் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். தொப்பூர் தாண்டியதும் வண்டிமாடு வீட்டுப் பாதையைக் கண்டதுபோல் குளிர் வேகம் பிடித்தது. மறுநாள் காலை ஓசூர் ராமநாயக்கன் ஏரி மேல் பனி அதன் பழைய இடத்தில் கிடந்தது. கொண்டுவந்து விட்ட கையோடு ஓடுவது மரியாதையில்லை என்று நசருல்லா இரண்டு நாள் வீட்டில் தங்கினார். தானே உப்புமா கிளறிச் சாப்பிட்டார்.

சிக்கல் இனிமேல்தான். திரும்பிப் போவது குளிருக்குத் தெரியக்கூடாது. ஆனால் மூக்கண்டப்பள்ளியில் ஓர் ஆள் பையோடு தெருவில் இறங்கினால், எங்கே கிளம்பிட்டீங்க என்று பதினைந்து பேராவது கேட்பார்கள். போய்ட்டு வாங்க என்று கத்துவார்கள். சரோஜம்மாள் முந்தின மாலையே வீடு வீடாகப் போனார். நாளைக் காலை பாய் போவார், யாரும் பார்க்கவேண்டாம், கேட்கவேண்டாம், சொல்லவேண்டாம் என்றார். சொல்லிவிட்டு வந்தாரே தவிர அவருக்கு மனசு ஒப்பவில்லை. இழவு வீட்டிலிருந்துதான் மனிதர்கள் சொல்லாமல் கிளம்புவார்கள். உயிரோடு இருக்கிற ஒருத்தியிடம் போகிற மனிதனை வாய் மூடி அனுப்புவதா, இது எதில் போய் முடியுமோ என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று புலம்பினார். ஆனாலும் வேறு வழி இல்லை.

காலை ஆறரை மணிக்கு நசருல்லா பால் வாங்கப் போகிறவர்போல் ஒரு மஞ்சப்பையோடு இறங்கினார். அறுபது வீடு உள்ள தெரு அது. ஒரு கதவும் திறக்கவில்லை. திம்மராயன் பால் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஷிப்டுக்குக் கிளம்பிய பிரியதர்ஷினி படியிலேயே உட்கார்ந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அவரைப் பார்த்து ஒருநாளும் குரைக்காமல் விடாத நாயைக்கூட யாரோ உள்ளே இழுத்துப் பிடித்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்தத் தெரு ஒரு மனிதனை இவ்வளவு பாசத்தோடு உதாசீனம் செய்ததில்லை. அது அவருக்குத் தெரிந்தது, அதனால் முனையில் திரும்புகிறவரை தலையைத் தூக்கவே இல்லை. பனி ஏரிப் பக்கம் சும்மா கிடந்தது.

அன்று மாலை தொண்டியில் முனவர் பேகம் மணலில் சால்வை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நசருல்லா பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சைக் கேட்டார். கேட்க ஒன்றுமில்லை, அலைச் சத்தம்தான் கேட்டது. மாசி பிறக்கிறவரை அங்கேயே இருந்தார்கள். முனிசாமியின் தோப்பு பொங்கல் கழித்துப் பூத்தது. காய் பதினைந்து நாள் பிந்தி வந்தாலும் விலை குறையவில்லை.

2025 டிசம்பரிலிருந்து இது தெருவின் வழக்கமாகவே ஆகிவிட்டது. புதிதாகக் குடிவருகிறவர்களுக்குத் தண்ணீர் வருகிற நேரத்தைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்கள். மார்கழியில் ஒருநாள் ஒரு வயசான புருஷனும் பெண்டாட்டியும் பையோடு போவார்கள், அப்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கிளம்பும் அன்று முனவர் பேகம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, ஒருவரையும் கூப்பிடாமல், ஒருவரிடமும் சொல்லாமல், சாத்திய கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். பக்கத்து வீட்டைத் தாண்டும்போது உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்கிறது. சரோஜம்மாள் அழுவது தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று ஓட விடுகிறார், அதில் அரைக்க ஒன்றும் போட்டிருக்காது. அவர்கள் தெருமுனை தாண்டுகிற நேரம் பார்த்து அதை நிறுத்திவிட்டு, வாசலுக்கு வந்து, குளிருகிறது என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்.